பழைய பேட்டரி எல்லை தாண்டினால்: நாஃப்டாவும் மாசுப் புகலிடக் கேள்வியும்

2008 அக்டோபரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, காற்றில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 1978 முதல் கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம் என்றிருந்தது 0.15 ஆனது. புதிய வரம்பு 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எல்லைக்குத் தெற்கே மெக்சிகோவில் வரம்பு 1.5 ஆகவே நின்றது. இந்த இரண்டு நாடுகளையும் கனடாவையும் சேர்த்து வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், அதாவது நாஃப்டா, 1994 ஜனவரி 1 முதல் அமலில் இருந்தது. டெக்சஸில் கழற்றிய கார் பேட்டரி லாரியேறித் தெற்கே போகலாம். அதை உடைத்து உருக்கி எடுத்த ஈயக்கட்டி வடக்கே திரும்பி வரலாம். பொருள் தடையில்லாமல் எல்லை தாண்டியது. காற்றுத் தரம் மட்டும் எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டது.

வர்த்தகம் பெருகினால் அழுக்கான தொழில்கள், சட்டம் தளர்வாக உள்ள நாட்டுக்கு ஓடிவிடுமா? பொருளாதார ஆய்வில் இதை 'மாசுப் புகலிடம்' பற்றிய கேள்வி என்பார்கள். இருபது முப்பது ஆண்டுகள் இதற்குக் கிடைத்த விடை பெரும்பாலும் 'இல்லை', மிஞ்சினால் 'கொஞ்சம்' என்பதாக இருந்தது. பேட்டரி விஷயத்தில் அந்த விடை தவறியது. ஏன் தவறியது என்று புரிந்துகொள்ள, பொருளாதாரத்தைத் தொடும் முன் உலைக்கூடத்துக்குள் ஒருமுறை போய் வர வேண்டும்.

ஒரு சாதாரண கார் பேட்டரி 15 முதல் 20 கிலோ எடை இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களும். மீதி கந்தக அமிலம், பாலிபுரொப்பிலீன் பெட்டி, தட்டுகளுக்கு நடுவே வைக்கும் பிரிப்புத் தாள்கள். மறுசுழற்சி ஆலையில் முதலில் அமிலத்தை வடிப்பார்கள். பிறகு பேட்டரியைச் சுத்தியல் அரவையில் போட்டு நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். பிளாஸ்டிக் மிதக்கும், ஈயம் அடியில் தங்கும். தட்டுகளில் பூசியிருந்த பசை பெரும்பாலும் ஈய சல்பேட்டும் ஈய ஆக்ஸைடும்தான். அதை அப்படியே உலையில் போட்டால் கந்தக டை ஆக்ஸைடு கிளம்பும் என்பதால், பல ஆலைகளில் சோடா சாம்பலைச் சேர்த்துக் கந்தகத்தை முன்கூட்டியே பிரித்துவிடுவார்கள். அடுத்தது உலை. கரியும் இரும்புத் துண்டுகளும் சேர்த்து ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருக்கினால் ஈயம் கீழே வரும், கசடு மேலே நிற்கும். கடைசியில் பெரிய கொப்பரைகளில் செம்பு, ஆன்டிமனி, வெள்ளீயம் ஆகியவற்றை நீக்கிக் கட்டியாக வார்ப்பார்கள்.

ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். உலையின் வெப்பத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து மிக நுண்ணிய துகளாக உறைகிறது. புகைபோக்கி வழியே போவதைப் பிடிப்பது ஓரளவு எளிது. துணிப்பை வடிகட்டிகளை வரிசையாக மாட்டினால் பெரும்பகுதி சிக்கிவிடும். சிக்காமல் போவது வேறு வழிகளில் போகிறது: உலைக்குச் சரக்குப் போடக் கதவைத் திறக்கும்போது, உருகிய ஈயத்தை வடிக்கும்போது, கசடு ஆறும்போது, தட்டுகளிலிருந்து வந்த ஈரமான பசை தரையில் காய்ந்து தூளாகும்போது, அந்தத் தூளின் மேல் லாரிச் சக்கரம் ஏறி இறங்கும்போது. 0.15 என்ற வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுத்தமான காற்று ஏறத்தாழ 67 லட்சம் கன மீட்டரை அந்த வரம்பு வரை கொண்டுபோக ஒரே ஒரு கிராம் ஈயத் தூள் போதும்.

இந்த வரம்பை அளப்பது புகைபோக்கியின் வாயில் அல்ல, ஆலையைச் சுற்றியுள்ள வெளிக்காற்றில். எவ்வளவு நல்ல வடிகட்டி மாட்டினாலும் தரைத்தூள் ஒன்றே ஆலையைத் தோற்கடித்துவிடும் என்பதால், அமெரிக்க ஆலைகளுக்கு மிஞ்சிய வழி உலைக்கூடம் முழுவதையும் சுவரும் கூரையுமாக மூடுவதுதான். மூடிய பிறகு உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிடச் சற்றுக் குறைவாக வைக்க வேண்டும். அப்போது இடுக்கு வழியே காற்று உள்ளே வருமே தவிர வெளியே கசியாது. அவ்வளவு காற்றையும் இடைவிடாமல் உறிஞ்சி வடிகட்ட வேண்டும். 2012 ஜனவரியில் வெளியான இன்னொரு கூட்டாட்சி விதி, பழைய ஈயம் உருக்கும் ஆலைகளுக்கு இத்தகைய மூடிய கூடத்தைக் கட்டாயமாக்கியது. செலவு கட்டடத்தோடு முடிவதில்லை. மின்விசிறிகள் இரவும் பகலும் ஓட வேண்டும், பைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பிடித்த தூசியைத் திரும்ப உலையில் போட வேண்டும். மெக்சிகோவில் இருந்த ஆலைக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் உருக்குவது ஒரே பேட்டரி, விற்பது ஒரே ஈயம், விலையை நிர்ணயிப்பது ஒரே உலகச் சந்தை.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். நாஃப்டா பேச்சுவார்த்தை சூடாக நடந்துகொண்டிருந்த 1991இல், பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஜீன் கிராஸ்மனும் ஆலன் க்ரூகரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றுவரை இந்தத் துறையின் மொழியே அதுதான். வர்த்தகம் சுற்றுச்சூழலை மூன்று வழிகளில் தொடுகிறது என்று அவர்கள் பிரித்தார்கள். உற்பத்தி மொத்தமும் பெருகுவதால் மாசு கூடுவது அளவு விளைவு. ஒரு நாட்டில் எந்தத் தொழில் வளர்கிறது, எது சுருங்குகிறது என்பதால் வரும் மாற்றம் கலவை விளைவு. ஒரே பொருளை முன்பைவிடச் சுத்தமாகச் செய்யக் கற்பது நுட்ப விளைவு. முதலாவது மாசைக் கூட்டும், மூன்றாவது குறைக்கும், நடுவில் உள்ளது நாட்டைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். 'தடையற்ற வர்த்தகம் சுற்றுச்சூழலுக்கு நல்லதா கெட்டதா' என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்: எதிரெதிராக இழுக்கும் மூன்றையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்கிறோம்.

அந்தக் கட்டுரை இரண்டு முடிவுகளைச் சொன்னது. ஒன்று, எல்லையோர மெக்சிகோவில் இருந்த மகிலதோரா ஆலைகள் (பாகங்களைத் தீர்வையின்றி இறக்குமதி செய்து, பொருளாக்கி ஏற்றுமதி செய்பவை) அங்கே போனதற்கு அமெரிக்க மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு காரணமாகத் தெரியவில்லை, மலிவான உழைப்பே காரணம். இரண்டு, பல நாட்டு நகரங்களின் அளவீடுகளைப் பார்த்தால், கந்தக டை ஆக்ஸைடும் கரும்புகையும் நபர்வாரி வருமானம் ஏறும்போது முதலில் கூடி, சுமார் 4000 முதல் 5000 டாலர் என்ற கட்டத்தைத் தாண்டியதும் குறைகின்றன. மெக்சிகோ அந்தத் திருப்பத்தில்தான் நிற்கிறது என்றும் அவர்கள் எழுதினார்கள். கவிழ்த்த கிண்ணம் போன்ற இந்த வளைவுக்குப் பின்னாளில் 'சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைவு' என்று பெயர் வந்தது. அமைச்சரவைகளுக்கும் பேச்சுவார்த்தைக் குழுக்களுக்கும் அது மிகவும் பிடித்துப்போனது, முதலில் வளருங்கள், சுத்தம் தானே வரும் என்று அதைப் படித்துக்கொள்ள முடிந்ததால். அப்படிப் படித்தது பெரும் பிழை. 2002இல் ஹார்பா, லெவின்சன், வில்சன் மூவரும் அதே தரவை விரிவாக்கி, ஆண்டுகளையும் நகரங்களையும் சற்று மாற்றிப் போட்டுப் பார்த்தபோது அந்த வளைவு நிலைக்கவில்லை. அப்படியே நிலைத்திருந்தாலும் அது பல நாடுகளின் சராசரி. ஒரு நாடு பணக்காரனாகும்போது அங்கே யாராவது சட்டம் எழுத வேண்டும், கருவி வைத்து அளக்க வேண்டும், மீறினால் தண்டிக்க வேண்டும். வருமானம் இவற்றை எளிதாக்கும், தானாகச் செய்துவிடாது.

மகிலதோரா பற்றிய முதல் முடிவு இன்னும் நீண்ட நாள் நின்றது. மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு கூடிய தொழிலில் இறக்குமதி கூடுகிறதா என்று தொழில் தொழிலாகக் கணக்கிட்டவர்கள், 1990கள் முழுக்கச் சிறிய விளைவையோ பூஜ்யத்தையோ கண்டார்கள். சிலருக்குத் தலைகீழாகக்கூட வந்தது. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கமும் எளிது: ஒரு தொழிற்சாலையின் மொத்தச் செலவில் மாசுக் கட்டுப்பாடு சராசரியாக ஒன்றிரண்டு சதவீதம்தான், அதற்காக யார் ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போவார்கள்?

அந்தச் சராசரிக்குள்தான் உண்மை ஒளிந்துகொண்டிருந்தது. எடரிங்டன், லெவின்சன், மினியர் மூவரும் 2005இல் அதன் ஒரு முனையைப் பிடித்தார்கள். மாசு அதிகமான தொழில்களில் பல எளிதில் நகர முடியாதவை. சிமெண்டை நெடுந்தூரம் கொண்டுபோனால் வண்டிக்கூலி விலையை விழுங்கும். பெரும் இரசாயன ஆலைகளில் முதலீடு மண்ணில் புதைந்து கிடக்கும். கட்டுப்பாட்டுச் செலவு இவற்றுக்குத்தான் அதிகம், ஆனால் இவை ஓடமாட்டா. இவற்றை நகரக்கூடிய தொழில்களோடு கலந்து சராசரி எடுத்தால் விளைவு கரைந்துவிடும். இன்னொரு முனை, எது காரணம் எது விளைவு என்ற குழப்பம். மிக அழுக்கான ஆலைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டால், உள்ளூரில் மிஞ்சியவற்றின் சராசரிக் கட்டுப்பாட்டுச் செலவு குறைந்தாற்போலத் தெரியும். இறக்குமதி கூடும்போது செலவு குறைந்ததாகக் கணக்கு காட்டும், உண்மை நேர்மாறாக இருக்க. லெவின்சனும் ஸ்காட் டெய்லரும் 2008இல் இந்தச் சிக்கலைச் சரிசெய்து, 1977 முதல் 1986 வரை 130 அமெரிக்கத் தொழில்கள் கனடாவோடும் மெக்சிகோவோடும் செய்த வர்த்தகத்தைப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டுச் செலவு அதிகம் ஏறிய தொழில்களில்தான் நிகர இறக்குமதியும் அதிகம் ஏறியிருந்தது. மிகவும் அடிபட்ட 20 தொழில்களில், அந்தக் காலத்தில் வர்த்தகம் கூடிய அளவில் பாதிக்கு மேல் ஒழுங்குமுறைச் செலவோடு சேர்த்துச் சொல்லத்தக்கதாக இருந்தது.

பேட்டரி மறுசுழற்சியில் இந்த நிபந்தனைகள் அத்தனையும் ஒன்றுகூடின. ஈயம் எடைக்கு நல்ல விலை போகும். பேட்டரி உடையாத பெட்டியில் லாரியேறிப் பயணம் செய்யும். எல்லைக்கு அப்பால் உருக்காலைகள் ஏற்கெனவே இருந்தன. ஒரே தேதியில், ஒரே பொருளுக்கு, ஒரு பக்கம் மட்டும் வரம்பு பத்தில் ஒன்றானது. ஷின்சுகே தனாகா, கென்சுகே தெஷிமா, எரிக் வெர்ஹூகன் மூவரும் இதைச் சங்கிலி போலக் கண்ணி கண்ணியாகத் தொடர்ந்து 2022இல் வெளியிட்டார்கள். அவர்கள் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைக் கவனித்தால்தான் முடிவின் வலு தெரியும்.

முதல் கண்ணி, அமெரிக்கக் காற்று. புதிய வரம்பால் பாதிக்கப்பட்ட ஆலைகளில் பெரும்பாலானவை பேட்டரி மறுசுழற்சி ஆலைகள். அவற்றின் அருகே காற்றில் ஈயம் செங்குத்தாகக் குறைந்தது. சட்டம் வேலை செய்தது என்பதற்கு இது சாட்சி. இரண்டாவது, ஏற்றுமதி. மெக்சிகோவுக்குப் போன பழைய பேட்டரிகளின் அளவு தெளிவாக உயர்ந்தது. மூன்றாவது, மெக்சிகோ ஆலைகளின் உற்பத்தி. இது ஒப்பிடத்தக்க மற்றத் தொழில்களை விஞ்சிக் கூடியது. ஒப்பீட்டுத் தொழில் இல்லாமல் இந்தக் கண்ணி நிற்காது, ஏனென்றால் 2009 உலகப் பொருளாதாரம் சரிந்து எழுந்த ஆண்டு. அப்போது எந்தத் தொழிலின் கோட்டைப் பார்த்தாலும் ஒரு பள்ளமும் ஒரு மேடும் தெரியும்.

நான்காவது கண்ணி குழந்தைகள். ஆலையிலிருந்து 2 மைலுக்குள், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் நடந்த பிறப்புகளைச் சற்றுத் தள்ளி நடந்த பிறப்புகளோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். ஈயத் துகள் கனமானது, ஆலைக்குப் பக்கத்திலேயே விழும் என்பதால் இந்த எல்லைக்கோடு பொருந்துகிறது. இரண்டு வட்டங்களிலும் ஊர் ஒன்று, கூலிச் சந்தை ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று, பொருளாதாரச் சரிவு ஒன்று. வேறுபடுவது காற்றுதான். 2009க்குப் பின் உள்வட்டத்தில் பிறந்த குழந்தைகளின் நிலை, வெளிவட்டத்தோடு ஒப்பிடுகையில் மோசமானது. எடை குறைந்த பிறப்புகள் கூடின. உடலியல் காரணமும் இதோடு பொருந்துகிறது. உடலில் புகும் ஈயம் கால்சியத்தோடு கலந்து எலும்பில் தங்கும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது தானும் இரத்தத்துக்கு வரும், நச்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவை அடையும். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

எனவே வடக்கே ஒரு வட்டத்துக் குழந்தைகளைக் காக்க எழுதிய நல்ல சட்டம், தெற்கே இன்னொரு வட்டத்துக் குழந்தைகளிடம் சுமையின் ஒரு பகுதியைத் தள்ளியது. அந்தச் சட்டம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கலிஃபோர்னியாவில் வெர்னன் என்ற இடத்தில் இருந்த பேட்டரி உருக்காலை 2015இல் நிரந்தரமாக மூடப்பட்ட பிறகும், சுற்றியிருந்த குடியிருப்புகளின் மண்ணில் படிந்த ஈயத்தை வீட்டுக்கு வீடு தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. குறை, சந்தையைச் சேர்த்தவர்கள் தரத்தைச் சேர்க்காமல் விட்டதில் இருக்கிறது.

இந்த ஒரு வழக்கை வைத்து நாஃப்டா முழுவதையும் எடைபோட்டால் அதுவும் தவறாகும். ஜெவான் செர்னிவ்சான் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த கந்தக டை ஆக்ஸைடும் துகள் மாசும் 1994க்கும் 1998க்கும் இடையே குறைந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு நாஃப்டா சுங்கத் தீர்வையைக் குறைத்ததே காரணம் என்று கணக்கிட்டார். அது பெரும்பாலும் ஆலைகளுக்கு உள்ளேயே நடந்த மாற்றம், ஒவ்வோர் அலகு உற்பத்திக்கும் மாசு குறைந்தது. மலிவான இடைப்பொருள் மெக்சிகோவிலிருந்து வந்தால், அந்த அழுக்கான கட்டத்தை ஆலை தானே செய்ய வேண்டியதில்லை. அந்தக் கட்டம் மறைந்துவிட்டதா, இடம் மாறியதா என்ற கேள்வி அப்போது வரும். மெக்சிகோவின் பக்கம், எமிலியோ குட்டியெரெஸும் தெஷிமாவும் 2018இல் இறக்குமதிப் போட்டியால் அங்குள்ள ஆலைகள் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்கியதையும் வெளியீடு குறைந்ததையும் காட்டினார்கள். ஆனால் அதே ஆலைகள் நேரடி மாசுக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கிய முதலீட்டைக் குறைத்துக்கொண்டன. எரிபொருளை மிச்சப்படுத்தினால் காசும் மிஞ்சும், புகையும் குறையும். வடிகட்டிக்குப் போடும் காசு ஆலைக்குத் திரும்பி வராது. போட்டி எதைத் தூண்டும், எதைத் தூண்டாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு. ஈயம் இரண்டாவது வகை. போட்டி அதைச் சுத்தம் செய்யாது, சட்டம்தான் செய்ய வேண்டும்.

ஜோசப் ஷாபிரோவும் ரீட் வாக்கரும் 2018இல் நீண்ட காலத்தைப் பார்த்தார்கள். 1990க்கும் 2008க்கும் இடையே அமெரிக்கத் தொழிற்சாலைகளின் காற்று மாசு 60 சதவீதம் குறைந்தது, உற்பத்தி நன்றாகக் கூடியிருந்தும். பெரும்பகுதிக்குக் காரணம் கடுமையான ஒழுங்குமுறைதான், வர்த்தகத்தின் பங்கு சிறிது என்பது அவர்கள் முடிவு. செர்னிவ்சான் சொல்வதோடு இது முட்டுவது போலத் தோன்றும். ஒருவர் சுங்கத் தீர்வை குறைந்தது நேரடியாகத் தொட்ட ஆலைகளை நான்கு ஆண்டுகளுக்கு நுணுக்கிப் பார்க்கிறார், மற்றவர்கள் முழுத் தொழில்துறையையும் பதினெட்டு ஆண்டுகளுக்கு ஒரு கணித மாதிரியில் வைத்துப் பிரிக்கிறார்கள். என் கணிப்பில், நீண்ட காலச் சுத்தத்துக்குச் சட்டமே பெருங்காரணம் என்ற முடிவு கூடுதல் உறுதியானது. அதனால்தான் சட்டம் இல்லாத பக்கம் என்ன ஆனது என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது.

இந்த ஆபத்தை நாஃப்டாவை எழுதியவர்கள் அறியாமல் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 1993இல் ஒரு துணை ஒப்பந்தம் சேர்க்கப்பட்டது. அதன்கீழ் மாண்ட்ரியாலில் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையம் அமைந்தது. ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் அடிப்படைக் கடமை. அமல்படுத்தவில்லை என்றால் எந்தக் குடிமகனும் ஆணையத்திடம் மனுப் போடலாம். ஓட்டை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. மெக்சிகோவின் வரம்பு 1.5 என்றால், 1.4 வரை ஈயம் கக்கும் ஆலை எதையும் மீறவில்லை. தரம் தாழ்ந்திருப்பதைப் பற்றி மனுப் போட முடியாது, இருக்கும் தரம் மீறப்பட்டதைப் பற்றித்தான் முடியும்.

மீறல் வெளிப்படையாக இருந்தபோதும் நடந்ததைப் பாருங்கள். மெக்சிகோவின் எல்லையோர நகரான டிஹுவானாவில் மெடாலஸ் இ தெரிவாதோஸ் என்ற பேட்டரி மறுசுழற்சி ஆலை அமெரிக்க உரிமையில் இயங்கியது. நாஃப்டா அமலுக்கு வந்த 1994ஆம் ஆண்டிலேயே மெக்சிகோ அதிகாரிகள் அதை மூடினார்கள். உரிமையாளர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். ஆயிரக்கணக்கான டன் ஈயக் கசடு திறந்தவெளியில் கிடந்தது, கீழே சரிவில் மக்கள் குடியிருந்தார்கள். 1998இல் மனுப் போடப்பட்டது. 2002இல் ஆணையம் 'உண்மைப் பதிவு' ஒன்றை வெளியிட்டது. அதன் அதிகாரம் அத்தோடு முடிந்தது. அபராதம் விதிக்கவோ சுத்தம் செய்ய உத்தரவிடவோ அதற்கு உரிமை இல்லை. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் விடாமல் போராடி, 2004இல்தான் மெக்சிகோ அரசோடு சுத்திகரிப்பு உடன்பாடு கண்டார்கள். பணி முடிய அதன்பின்னும் ஆண்டுகள் பிடித்தன.

ஆனாலும் ஆணையம் செய்த ஒரு வேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2013இல் மூன்று நாடுகளின் பழைய பேட்டரி வர்த்தகத்தையும் ஈய மறுசுழற்சியையும் அது ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2004க்கும் 2011க்கும் இடையே அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கான நிகர ஏற்றுமதி 449 முதல் 525 சதவீதம் கூடியிருந்தது என்பது அதன் மதிப்பீடு. இந்த எண்ணை அப்படியே புதிய வரம்பின் தலையில் கட்டிவிடக் கூடாது. உயர்வில் ஒரு பகுதி 2009க்கு முன்பே தொடங்கிவிட்டது. 2007 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈயம் டன்னுக்கு ஏறத்தாழ 4000 டாலரைத் தொட்டது, பழைய பேட்டரிக்கு எல்லாத் திசையிலும் கிராக்கி ஏறியது. விலையால் வந்த உயர்வையும் விதியால் வந்த உயர்வையும் பிரிக்காமல் பேசுவது, இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் செய்யும் பிழை. மெக்சிகோ அரசு ஈய உருக்காலைகளின் வெளியீட்டுக்கென்று தனித் தரம் ஒன்றை 2015 ஜனவரியில் வெளியிட்டது. அமெரிக்க வரம்பு அமலாகி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆறு ஆண்டுகளில் உள்வட்டத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அது உதவவில்லை. நாஃப்டாவின் இடத்துக்கு 2020 ஜூலையில் வந்த புதிய ஒப்பந்தம் சுற்றுச்சூழல் அத்தியாயத்தைத் துணை ஒப்பந்தத்திலிருந்து முதன்மை உரைக்குள் கொண்டுவந்தது. 'உன் சட்டத்தை நீ அமல்படுத்து' என்ற அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை.

இறக்குமதிப் பொருளைச் செய்தபோது வெளியான கார்பனுக்கு எல்லையில் விலை வாங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி இதற்கு மருந்தாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் அறிக்கை தருவதாகத் தொடங்கி, 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு இரும்பு, சிமெண்ட், அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்கானது. கார்பன் எங்கே வெளியானாலும் எல்லார் தலைக்கு மேலும் சேர்வதால், இறக்குமதி செய்யும் நாடு அதற்கு விலை போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈயம் விழுமிடத்தில் விழும். அதற்கு எல்லையில் வரி வாங்கினால் பணம் வடக்கே சேரும், தூள் தெற்கே நிற்கும். உள்ளூர் மாசுக்கு, ஏற்றுமதியை அனுமதிக்கும் முன் பெறும் ஆலை ஏற்றுமதி நாட்டுத் தரத்தில் இயங்குகிறதா என்று சரிபார்ப்பதே நேரான வழி. அபாயக் கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் அமெரிக்கா உறுப்பினர் ஆகவில்லை. பழைய ஈய அமில பேட்டரிகளை அனுப்பும் முன் பெறும் நாட்டுக்கு அறிவித்துச் சம்மதம் வாங்க வேண்டும் என்ற விதியே அங்கு 2010இல்தான் வந்தது. அந்தச் சம்மதமும் ஆலையின் காற்றைப் பற்றிப் பேசாது, சரக்கைப் பற்றித்தான் பேசும்.

இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி அந்நியமில்லை. 2009இல் அறிவித்த தேசிய காற்றுத் தர நெறியில் ஈயத்துக்கு ஆண்டுச் சராசரி 0.5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 1.0. அமெரிக்காவின் 0.15 மூன்று மாத நகரும் சராசரி. சராசரி எடுக்கும் காலம் வேறுபடுவதால் இந்த எண்களை நேருக்கு நேர் வைப்பதில் கவனம் வேண்டும். ஆண்டுச் சராசரி ஒரு கெட்ட மாதத்தை மறைத்துவிடும், மூன்று மாதச் சராசரி அவ்வளவு மறைக்காது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன.

இதே போன்ற ஆய்வை வேறொரு எல்லையில் செய்ய நினைப்பவர் முதலில் இடறும் இடம் சுங்கக் குறியீடு. 2021 வரை பழைய பேட்டரிகள் உலகச் சரக்குப் பட்டியலில் 8548 தலைப்பின்கீழ், எல்லா வகைப் பழைய மின்கலங்களோடும் கலந்து கிடந்தன. 2022 திருத்தத்தில் 8549 என்ற புதிய தலைப்பு வந்து ஈய அமில வகைக்குத் தனி இடம் கிடைத்தது. இரண்டு வரிசைகளையும் ஒட்டாமல் கோடு வரைந்தால் 2022இல் இல்லாத ஒரு வீழ்ச்சியோ ஏற்றமோ தெரியும். உடைத்துப் பிரித்த ஈயம் 7802இல் உலோகக் கழிவாகப் போகும், இன்னும் ஓடும் என்று சொல்லி அனுப்பும் பேட்டரி 8507இல் போகும், உருக்கித் திரும்பி வரும் கட்டி 7801இல் வரும். விதி இறுகும்போது சரக்கு குறையாமல் குறியீடு மட்டும் மாறுவதுண்டு என்பதால் நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அனுமதிக்காக முன்கூட்டியே அறிவிக்கும் அளவும் சுங்கத்தில் பதிவாகும் அளவும் பொருந்தாமல் போவது இன்னொரு தொல்லை. முன்னது அனுப்பக்கூடிய உச்சத்தைச் சொல்வது, பின்னது லாரியில் உண்மையில் போனதைச் சொல்வது. மாண்ட்ரியால் ஆணையமும் அமெரிக்காவின் இரண்டு அரசுக் கணக்குகளுக்கு இடையே இப்படியான இடைவெளியைக் கண்டது. அதன் உயர்வு மதிப்பீடு ஒரே எண்ணாக இல்லாமல் 449 முதல் 525 வரை நீண்டிருப்பதைப் படிக்கும்போது இந்த இடைவெளியையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.